நாட்டுக்குப் பீடை செய்யும் சரக்கு: விலங்கு, தாவர இறக்குமதி விதிகளின் வரலாறும் தமிழ்க் கலைச்சொற்களும்

1. முன்னுரை

புதுதில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் செறிந்துள்ள பகுதி சாணக்யபுரி. அர்த்தசாத்திரத்தின் ஆசிரியராகக் கருதப்பெறும் கௌடில்யரின் மற்றொரு பெயரால் அப்பகுதி வழங்குகின்றது. அங்குள்ள தெருக்களுள் ஒன்றான கௌடில்ய மார்க்கத்தில் தமிழ்நாடு இல்லம் அமைந்துள்ளது. நாடுகள் தம்முள் பேசித் தீர்க்க முயலும் பொருள்களுள் போரும் அமைதியும் மட்டுமின்றிக் கோழி இறைச்சியும் பாற்பொருளும் பருப்பும் பழமும் அடங்கும். எந்த நாட்டிலிருந்து எந்த விலங்குப் பொருளை, எந்தத் தாவரப் பொருளை, எவ்வகைச் சான்றுடன் உள்ளே விடலாம் என்னும் வினா அண்மைக் காலத்தில் சட்ட வினாவாகவும் அறிவியல் வினாவாகவும் வளர்ந்துள்ளது. அது மொழிபெயர்ப்பு வினாவும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் சுங்கத் தலைவனின் கடமைகளைக் கூறும் இயல் ஒரு செய்யுளோடு முடிவடைகின்றது. நாட்டுக்குப் பீடை விளைவிக்கும் சரக்கையும் பயனற்ற சரக்கையும் அரசன் ஒழிக்க வேண்டும். பெரும்பயன் தருவதையும் கிடைத்தற்கரிய விதையையும் சுங்கமின்றி விடவேண்டும் என்பது அதன் கருத்து. ஒழித்தலைக் குறிக்க அங்கு ஆளப்பட்டுள்ள வினையின் வேர்ப்பொருள் 'வெட்டுதல்' என்பதாகும். சரக்கை அழித்துவிடுவதா, உள்ளே விடாமல் நிறுத்துவதா என்பது அவ்வினையால் மட்டும் தெளிவாவதில்லை; அதனை உரைகாரரும் மொழிபெயர்ப்பாளரும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. இந்நூலின் ஓலைச்சுவடி தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் வழியாக மைசூர் கீழ்த்திசை நூலகத்தை அடைந்தது. அது கிரந்த எழுத்தில் அமைந்தது. ஆர். சாமாசாத்திரி அதனை 1909இல் பதிப்பித்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் நூலாக வெளிவந்தது. எல்லையில் சரக்கை நிறுத்துவது பற்றிய பழைய சிந்தனை ஒன்று தமிழகத்துச் சுவடி ஒன்றின் வழியாகவே இக்காலத்தவருக்குத் தெரியவந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2. உல்கும் சுங்கமும்

எல்லை வரியைக் குறிக்கத் தமிழில் 'உல்கு', 'சுங்கம்' என இரு சொற்கள் உள. குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கினைக் கூறுகின்றது. இவ்விரு சொற்களையும் வடமொழிச் 'சுல்க' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். மொழி முதற் சகரம் கெட்டு வழங்குதல் பழந்தமிழ்க் கடன்சொற்களில் காணப்படும் இயல்பு. அவை, அமணர், ஆயிரம் முதலியன இதற்குச் சான்று காட்டப்பெறும். இக்கருத்தின்படி, 'உல்கு' என்பது சகரம் கெட்ட முந்திய வடிவம். 'சுங்கம்' என்பது பாகத வழியாகப் பின்னர் வந்து சகரத்தைக் காத்துக்கொண்ட வடிவம். முதற் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்ற காலத்தில் பின்னைய சொல் நிலைபெற்றுவிட்டது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கக் காவலர் ஏற்றுமதி, இறக்குமதிப் பண்டங்களின்மேல் சோழரது புலிப்பொறியை இட்டுவைத்ததைக் கூறுகின்றது. கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளையும் அந்நூல் குறிப்பிடுகின்றது. ஆயினும் அப்பொறி, வரி இறுக்கப்பட்டது என்பதற்கோ பொருள் அரசின் காவலில் உள்ளது என்பதற்கோ அடையாளமாக இருந்ததேயன்றி, குதிரை நோயற்றது என்பதற்கு அடையாளமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பலில் வந்த குதிரைகளுள் பெரும்பாலானவை பேணுவாரின்றி இறந்ததைப் பதிவு செய்துள்ளார். பழைய எல்லை சரக்கின் மதிப்பை வினவியது. சரக்கினுள் மறைந்து வருவது யாது என வினவும் எல்லை மிகப் பின்னரே தோன்றியது.

3. சீமையிலிருந்து வந்தவை

அயற்பயிரின் வருகையைத் தமிழ் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. அதியமானின் முன்னோர் கரும்பினை இந்நிலத்துக்குக் கொணர்ந்தனர் என ஔவையார் பாடிய புறநானூற்றுச் செய்தி அதனை ஓர் அரசகுலப் பெருமையாகவே காட்டுகின்றது. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் மிளகாய், அன்னாசி, கொய்யா முதலியன வந்தன. இவற்றுள் மிளகாய் பழைய 'மிளகு' என்னும் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அன்னாசியும் கொய்யாவும் வந்தவர் மொழிச் சொல்லையே ஏற்றன. பறங்கிக்காய் வந்தவர் இனப்பெயரை ஏற்றது.

இவ்வகையில் மிகவும் ஆராயத்தக்கது 'சீமை' என்னும் அடைமொழி. வடமொழிச் 'சீமா' என்பதற்கு எல்லை என்பது பொருள். தமிழில் அது எல்லைக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறித்து, பின் அயல்நாட்டை, குறிப்பாக இங்கிலாந்தைக் குறிக்கலாயிற்று. சீமைக் கருவேலம் என்னும் பெயரில் எல்லை கடந்து வந்த மரத்தின் பெயருக்குள்ளேயே எல்லையைக் குறிக்கும் சொல் தங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் விரும்பிக் கொணரப்பட்ட இம்மரம் இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் மூடியுள்ளது.

விரும்பிக் கொணர்ந்தது பிழையாக முடிந்ததற்குச் சென்னை தரும் சான்று சப்பாத்திக்கள்ளியின் வரலாறாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. அதன் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பூச்சிக்கு உணவாகும் கள்ளி வகைகளைச் சென்னையில் தோட்டமிட்டு வளர்த்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, அதனை ஒத்த தாழ்ந்த இனம். சாயத் தொழில் வளரவில்லை. அப்பூச்சி கள்ளியை உண்டு அழித்தது. பின்னர்த் தென்னிந்தியாவில் கள்ளி பெருகி இடையூறானபோது, 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அதே பூச்சியைக் கொண்டே அக்கள்ளி இனத்தைக் கட்டுப்படுத்தினர். உயிரியைக் கொண்டு உயிரியைக் கட்டுப்படுத்தும் முறையின் வரலாற்றில் முதல் வெற்றிகளுள் ஒன்றாக இது எண்ணப்பெறுகின்றது. இரண்டு இனங்களை ஒரே பெயரால் அழைத்ததே இவ்வரலாற்றின் தொடக்கம் என்பது கலைச்சொல் ஆய்வாளர் நினைவிற் கொள்ளத்தக்கது.

4. சட்டங்களின் தோற்றம்

இந்தியாவில் கால்நடைக் கொள்ளை நோய்களை ஆராய அமைந்த ஆணையம் 1871இல் தன் அறிக்கையை அளித்தது. அதில் முதன்மையாகப் பேசப்பட்டது தமிழ் உழவர் 'வெக்கை நோய்' என அழைத்த நோய். 1898ஆம் ஆண்டின் 9ஆம் சட்டமாகக் கால்நடை இறக்குமதிச் சட்டம் பிறந்தது. பயிர்த்துறையில் 1906இல் முதல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மெக்சிகோப் பருத்திக் காய்க் கூன்வண்டு நுழையாதிருக்க, இறக்குமதியாகும் பஞ்சுப் பொதிகளுக்கு நச்சுப்புகையிடுதல் கட்டாயமாக்கப்பட்டது. 1914இல் அழிவுசெய் பூச்சிகள், பீடைகள் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விரு சட்டங்களும் மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் பாடங்கள் இரண்டு. முதலாவது, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்வரையறை. 'கால்நடை' என்பது குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறியாடு ஆகியவற்றை உள்ளடக்கும் எனவும், 'தொற்றுநோய்' என்பது உண்ணி நோய், அடைப்பான், சொறி முதலியவற்றை உள்ளடக்கும் எனவும் சட்டம் கூறுகின்றது. உள்ளடக்கும் என்பது திறந்த வரையறை. பட்டியலில் இல்லாத விலங்கையும் நோயையும் அறிவிக்கை வழியாகச் சேர்க்க அது இடந்தருகின்றது. இதனைத் தமிழில் 'கால்நடை என்பது குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறியாடு ஆகும்' என எழுதின், 'என்பது ... ஆகும்' என்னும் வாய்பாடு வரையறையை மூடிவிடுகின்றது. கோழி அச்சட்டத்தின் கீழ் வர வழியில்லாமற் போகும்.

இரண்டாவது, 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர். அதில் பூச்சியும் பீடையும் தனித்தனியே கூறப்பட்டுள்ளன. சட்டத்தின் உட்பகுதி பூச்சி, பூஞ்சை, பிற பீடை என விரிகின்றது. தமிழ்நாட்டு வழக்கில் ஆங்கிலத்தின் 'பெஸ்ட்' என்பதற்குப் 'பூச்சி' என எழுதுதல் மிகுதி. 'பூச்சிக்கொல்லி' என்னும் சொல் அவ்வழக்கை உறுதிப்படுத்திவிட்டது. இலங்கைத் தமிழில் 'பீடை', 'பீடைநாசினி' என்பன வழங்குகின்றன. 1951ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை மரபில் பீடை என்பது தாவரத்துக்குக் கேடு செய்யும் எந்த உயிரியையும், நோய்க்காரணியையும் குறிக்கும். களையும் வைரசும் நூற்புழுவும் அதில் அடங்கும். எனவே இத்துறையில் இலங்கை வழக்கே பொருத்தமானது.

நீலகிரி இதற்கு எடுத்துக்காட்டாகும். 1961இல் உதகைப் பகுதி உருளைக்கிழங்கில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கும் இதனைப் பூச்சி என்றல் பொருந்தாது. 1971 முதல் நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்ல உள்நாட்டு விலக்கு ஏற்பட்டது. பிற நாட்டு எல்லைக்காக வகுக்கப்பட்ட சட்டம், மலைமாவட்டம் ஒன்றைச் சுற்றி எல்லை வரையவும் பயன்பட்டது. உண்ணும் கிழங்கும் விதைக்கும் கிழங்கும் ஒரே பொருளாயினும் பயன் நோக்கிச் சட்டம் அவற்றை வேறாகக் கொள்கின்றது. நெல்லையும் விதைநெல்லையும் வேறாகக் கூறும் உழவர் மொழிக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

5. ஆண்ட்வெர்ப் துறைமுகமும் பன்னாட்டு அமைப்பும்

1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றால் அந்நாட்டில் வெக்கை நோய் பரவியது. ஒரு நாட்டின் நோய்ச்செய்தி பிற நாடுகளுக்கு உடனே தெரியவேண்டும் என்னும் தேவை இதனால் உணரப்பட்டு, 1924 சனவரி 25இல் 28 நாடுகள் பாரிசில் ஒரு பன்னாட்டு அமைப்பை நிறுவின. உலக விலங்குநல அமைப்பு என இன்று வழங்கும் நிறுவனம் அதுவே. இந்தியாவில் 1995இல் தமிழ்நாட்டில் இறுதியாகக் காணப்பட்ட வெக்கை நோய், 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் மறைந்தபின் அதன் பெயரும் வழக்கிறந்து வருகின்றது. கோமாரி, சப்பை, அடைப்பான், வெள்ளைக்கழிச்சல், ஆட்டுக்கொல்லி போன்ற பெயர்கள் இன்னும் உழவர் நாவில் உள்ளன. இறக்குமதிச் சான்றிதழில் வரும் அயற்பெயர்களுக்கு நேராக இவற்றை நிறுத்தாமல் புதுச்சொல் படைத்தல் தேவையற்ற உழைப்பாகும்.

6. தனிமையும் காப்பும்

கப்பலையும் சரக்கையும் குறித்த காலம் நிறுத்திவைக்கும் வழக்கம் மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் தோன்றியது. 1377இல் இரகூசா நகரம் 30 நாள் விதித்தது. பின் வெனிசில் அது 40 நாளாயிற்று. 'குவாரண்டைன்' என்னும் சொல் நாற்பது என்னும் எண்ணுப்பெயரடியாகப் பிறந்தது. தமிழர் இதனை முதலில் பெருமளவில் பட்டறிந்தது மனிதர்க்கு விதிக்கப்பட்ட வடிவில்தான். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின் அனுப்பப்பட்டனர். அவ்வனுபவம் 'மண்டபம் கேம்ப்' என்னும் இடப்பெயரை விட்டுச்சென்றது. கருத்துக்குரிய பொதுச்சொல்லைத் தரவில்லை.

2020இல் கொரோனாத் தொற்றின்போது 'தனிமைப்படுத்துதல்' என்பது பரவலாயிற்று. இதில் குறைகள் இரண்டு உள. நோயுற்றாரைப் பிரித்துவைத்தலும், நோய் உண்டோ என ஐயுறப்படுவாரைக் குறித்த காலம் நிறுத்திவைத்தலும் வேறு வேறு செயல்கள். இச்சொல் இரண்டையும் ஒன்றாக்குகின்றது. மேலும், தனிமை என்பது மனிதர் உணர்வு சார்ந்த சொல். ஒரு கப்பல் மரத்தடிக்கோ ஒரு மூட்டை விதைக்கோ அதனைக் கூறுதல் நகைப்பிற்கிடமாகின்றது. வேளாண் எழுத்துகளில் 'தடைக்காப்பு', 'தொற்றுத்தடுப்பு' எனப் பிற வடிவங்களும் உள.

இவற்றுள் 'காப்பு' என்னும் உறுப்பு தமிழ் வாழ்வில் வேரூன்றியது. மாரியம்மன் விழாவில் காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூர் சென்று இராத்தங்கலாகாது என்னும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அம்மை நோயோடு தொடர்புடைய தெய்வத்தின் விழாவில், ஊரெல்லை குறித்த நாள்களுக்குக் காக்கப்பட்டு, காப்பு அவிழ்த்தபின் திறக்கப்படுகின்றது. எல்லை, காலவரையறை, பின் விடுவிப்பு ஆகிய மூன்றும் இச்சொல்லில் உள. ஆதலின் 'தொற்றுக்காப்பு' என்பது சட்டக் கருத்துக்கு மிக நெருங்கியதாகத் தோன்றுகின்றது. தடை என்பதில் விடுவிப்பு இல்லை. காப்பு என்பதில் உண்டு.

7. புதிய விதிகள்: 1995 முதல்

உலக வணிக அமைப்பு 1995இல் தொடங்கியபோது, மனித, விலங்கு, தாவர நலக் காப்பு நடவடிக்கைகள் பற்றிய ஓர் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் தம் நலத்தைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அறிவியற் சான்று வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியா எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகளை 2001 ஏப்ரல் 1 முதல் நீக்கியது. அளவால் தடுக்க இயலாத நிலையில் நலக் காப்பு விதிகளின் இன்றியமையாமை மிகுந்தது. அவ்வாண்டிலேயே 1898ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, உயிருள்ள கால்நடையோடு இறைச்சி, முட்டை, பால், விந்து, கரு முதலிய கால்நடைப் பொருள்களும் சேர்க்கப்பட்டன. தாவரப் பொருள்களுக்கு 2003இல் புதிய தொற்றுக்காப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டு 2004 சனவரி 1இல் செயற்பட்டது. இறக்குமதி இசைவு, ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்று, பீடை இடர் ஆய்வு ஆகியன அதன் தூண்கள். வந்த சரக்கில் பீடை காணப்படின், புகையிட்டு விடுவித்தல், திருப்பியனுப்புதல், அழித்தல் என வழிகள் உள. அர்த்தசாத்திர வினையின் இருபொருளை இவ்விதி தனித்தனிச் செயல்களாகப் பிரித்துவிட்டது எனலாம்.

சொல்லின் பொருள் பெரும் வழக்காக மாறியது கோழிப் பொருள் விவகாரத்தில். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நோய் அறிவிக்கப்பட்ட நாடுகளிலிருந்து கோழிப் பொருள்களை இந்தியா விலக்கியது. 2011 சூலை 19ஆம் நாளிட்ட அறிவிக்கை அதனை உறுதிசெய்தது. வீரியம் குறைந்த வகை நோய் தோன்றிய நாடும் விலக்குக்கு உள்ளாயிற்று. சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் தூதரகம் கொண்டுள்ள அமெரிக்கா 2012இல் இதனை உலக வணிக அமைப்புக்குக் கொண்டுசென்றது.

உலக விலங்குநல அமைப்பின் நெறித்தொகுப்பு, 'நாடு, மண்டலம் அல்லது தனித்தொகுதி' என மூன்றைக் கூறுகின்றது. இவற்றுள் நாடு முழுவதையும் தேர்ந்து விலக்கும் உரிமை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு உண்டு என இந்தியா வாதிட்டது. நோயுள்ள பகுதியை மட்டும் விலக்கி நோயற்ற பகுதியை ஏற்கவேண்டும் என்பது எதிர்வாதம். 'அல்லது' என்னும் இடைச்சொல்லின் தேர்வுரிமை யாருடையது என்பதே இவ்வழக்கின் மொழிக்கூறாகும். 2014 அக்டோபரில் தீர்ப்பாயமும், 2015 சூன் 4இல் மேல்முறையீட்டு அவையும் பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராக முடிவு கூறின. 2023 செப்டம்பரில் இரு நாடுகளும் இணங்கி விவகாரத்தை முடித்துக்கொண்டன. உறைய வைத்த வான்கோழி, வாத்து முதலிய சில பொருள்களுக்கு இந்தியா தீர்வையைக் குறைத்தது.

இவ்வொப்பந்தத்தில் மற்றொரு நுண்ணிய வேறுபாடு உண்டு. ஒரு நாட்டின் விதி பன்னாட்டு நெறியை 'அடிப்படையாகக் கொண்டிருத்தல்' என்பது ஒன்று; அந்நெறிக்கு முற்றும் 'ஒத்திருத்தல்' என்பது வேறொன்று. ஒத்திருக்கும் விதி ஒப்பந்தத்துக்கு உடன்பட்டதாகக் கருதப்பெறும் பேறுடையது. அடிப்படையாக மட்டும் கொண்டது அப்பேறுடையதன்று. ஐரோப்பிய மாட்டிறைச்சி வழக்கில் 1998இல் மேல்முறையீட்டு அவை இவ்விரு தொடர்களையும் வேறெனத் தீர்த்தது. தமிழில் இரண்டையும் 'ஏற்ப' என ஒரு சொல்லால் பெயர்த்தால் அத்தீர்ப்பின் பொருள் முழுவதும் மறைந்துவிடும்.

8. கலைச்சொற் பரிந்துரைகள்

தமிழ்ச் செய்தி எழுத்தில் 'தடை' என்னும் ஒரு சொல்லே விலக்கு, கட்டுப்பாடு, தொற்றுக்காப்பு, தற்காலிக நிறுத்தம் ஆகிய அனைத்தையும் சுமக்கின்றது. முற்றாக உள்ளே விடாமையை 'விலக்கு' எனவும், நிபந்தனையோடு விடுதலைக் 'கட்டுப்பாடு' எனவும், நிறுத்திச் சோதித்து விடுதலைத் 'தொற்றுக்காப்பு' எனவும், கேடுசெய் உயிரியைப் 'பீடை' எனவும் வேறுபடுத்தி ஆளுதல் தகும். ஒப்பந்தப் பெயரில் வரும் 'சானிட்டரி' என்பதைத் 'துப்புரவு' எனப் பெயர்த்தலும் பொருந்தாது. அங்குப் பேசப்படுவது தரையின் தூய்மையன்று, உயிரின் நலம். எனவே 'நலக்காப்பு', 'தாவர நலக்காப்பு' என்பன ஏற்புடையன.

இது சொல்லழகு பற்றிய விவாதமன்று. தூத்துக்குடியில் மரத்தடி இறக்கும் வணிகர், தம் சரக்கு விலக்கப்பட்டதா, காப்பில் உள்ளதா என்பதை ஆணையிலிருந்து அறியவேண்டும். முன்னது இழப்பு, பின்னது காத்திருப்பு. இறக்குமதி விதைப் பொதியின் சீட்டைப் படிக்கும் உழவர், 'பூச்சியற்றது' என்னும் சொல்லால் அதில் களைவிதையும் இல்லை என நம்பிவிடலாகாது. 2008இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் தாக்கியது. 2010இல் முறைப்படி இசைவு பெற்று இறக்குமதியான ஒட்டுண்ணிக் குளவியே அதனை அடக்கியது. நுழையக்கூடாததும் நுழையவேண்டியதும் ஒரே வகை உயிரியாக இருந்தமையை இது காட்டுகின்றது. எல்லாவற்றையும் 'பூச்சி' என்னும் மொழியில் இவ்வேறுபாட்டை உழவருக்கு விளக்குதல் அரிது.

9. முடிவுரை

எல்லை விதிகளின் வரலாறு வரியிலிருந்து நோய்க்கும், நோயிலிருந்து சான்றுக்கும் நகர்ந்துள்ளது. உல்கும் சுங்கமும் முதற்கட்டச் சொற்கள். வெக்கையும் கோமாரியும் இரண்டாங்கட்டச் சொற்கள். மூன்றாங்கட்டத்திற்குரிய சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. அவற்றை வகுப்போர் உழவர் வழக்கையும் இலங்கை வழக்கையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

கௌடில்யர் விலக்கச் சொன்னது நாட்டுக்குப் 'பீடை' செய்யும் சரக்கை. அவர் ஆண்ட அச்சொல், பேச்சுத்தமிழில் கெடுகாலத்தைக் குறித்து வழங்கி, இலங்கைத் தமிழில் பயிர்க்கேடு செய்யும் உயிரிக்குரிய கலைச்சொல்லாகவும் ஆகியுள்ளது. அதே செய்யுள் கிடைத்தற்கரிய விதைக்கு வழிவிடவும் சொல்கின்றது. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு துறைமுகத்து ஆய்வாளருக்கு உண்டு. விதியைத் தமிழில் எழுதுவோருக்கும் அப்பொறுப்பில் பங்குண்டு.